துணி எடுக்கும் முன் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்: தருமபுரி தையல் கடையிலிருந்து

தருமபுரியில் 14 வருஷமாகத் தையல் கடை வைத்திருக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், ஃபால்ஸ், பீக்கோ, ஆல்ட்ரேஷன். முன்பெல்லாம் எப்போது கிடைக்கும், எவ்வளவு ஆகும் என்ற இரண்டு கேள்விதான் வரும். இப்போது காலேஜ் பிள்ளைகளும், பெங்களூரில் வேலை பார்த்துவிட்டு சனிக்கிழமை ஊருக்கு வருகிறவர்களும் "அக்கா, இது ஆர்கானிக்கா, இது பூமிக்குக் கெடுதலா, இதைத் தைச்சவங்களுக்கு ஒழுங்கா சம்பளம் கொடுத்திருப்பாங்களா" என்று கேட்கிறார்கள். கழுத்தில் டேப்பைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நின்று பதில் சொன்னால் ஒரு நாளைக்கு ஒரு ஜாக்கெட் குறைகிறது. அதனால் திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை எழுதி வைத்துவிட்டேன்.

எந்தத் துணி எடுத்தால் சுற்றுச்சூழலுக்கு நல்லது?

உங்கள் பீரோவில் ஏற்கெனவே இருக்கிற துணி. கிண்டலுக்குச் சொல்லவில்லை. ஒரு துணிக்கு ஆகிற தண்ணீர், கரண்ட், சாயம், உழைப்பு எல்லாம் அது கடைக்கு வருவதற்கு முன்பே செலவாகிவிடுகிறது. பத்து தடவை உடுத்திவிட்டுப் போட்டால் அத்தனையும் பத்தால் வகுபடும், இருநூறு தடவை உடுத்தினால் இருநூறால் வகுபடும், அவ்வளவுதான் கணக்கு.

போன வருஷம் ஒரு அம்மா பை நிறைய சுடிதார் மெட்டீரியல் கொண்டு வந்தார். எண்ணினால் பதினொன்று, ஒன்றில்கூட பிளாஸ்டிக் கவர் பிரிக்கவில்லை, மூன்று ஆடித் தள்ளுபடியில் சேர்ந்ததாம். "இனிமே ஆர்கானிக் காட்டன் மட்டும்தான் எடுக்கப் போறேன்" என்றார். முதலில் இந்தப் பதினொன்றையும் தைத்துப் போடுங்கள் என்றேன். எனக்கும் வருமானம்தானே.

காட்டன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாமா?

உடம்புக்கு நல்லது, அதில் சந்தேகமே இல்லை. நம் ஊர் சித்திரை வெயிலில் காட்டனைத் தவிர வேறு எதைப் போட்டாலும் மத்தியானத்துக்குள் முதுகு அரிக்கும். மட்கிப் போகும், அதுவும் நல்லது. ஆனால் பூமிக்கு நல்லதா என்றால் எப்படி விளைந்த பருத்தி என்று பார்க்க வேண்டும்.

ஒரு டி-சர்ட்டுக்கான பருத்திக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று ஒரு கணக்கு அடிக்கடி சொல்லப்படும். அது உலக சராசரி, வயலில் விழுந்த மழைத் தண்ணீரும் அதில் சேர்த்திதான். எனவே அரூர் பக்கம் மானாவாரியாக மழையை நம்பிப் போட்ட பருத்தியும், எங்கோ வறண்ட ஊரில் ஆற்றையோ போர்வெல்லையோ உறிஞ்சி வளர்த்த பருத்தியும் ஒன்றல்ல. ஆனால் கடையில் இரண்டுக்கும் பெயர் "ப்யூர் காட்டன்" தான்.

அப்புறம் மருந்து. காய்ப்புழுவைத் தானே கொல்லும்படி மரபணு மாற்றிய பிடி பருத்திக்கு இந்தியாவில் 2002-ல் அனுமதி கிடைத்தது, இன்றைக்கு நாட்டில் பருத்தி போடுகிற நிலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். காய்ப்புழுவுக்கு அடிக்கிற மருந்து ஆரம்பத்தில் குறைந்தது உண்மை. பிறகு சாறு உறிஞ்சும் பூச்சி வந்தது, இளஞ்சிவப்புக் காய்ப்புழு பிடி விதைக்கே பழகிப்போனது, மறுபடி தெளிப்பானைத் தோளில் மாட்ட வேண்டியதாயிற்று. இதற்கு மாற்று புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. கருங்கண்ணி மாதிரி நாட்டுப் பருத்தி தமிழ்நாட்டிலேயே உண்டு, வறட்சி தாங்கும், பூச்சியும் அவ்வளவாகத் தொடாது. இழை குட்டை, பெரிய மில் மெஷினுக்குச் சரிப்படாது என்பதால் ஒதுக்கினார்கள். சென்னையில் துலா என்கிற அமைப்பு மானாவாரி நாட்டுப் பருத்தியை இயற்கை முறையில் விளைவிக்க வைத்து, கையால் நூற்று, கையால் நெய்து விற்கிறது. அந்தச் சட்டைத் துணியை ஒரு தடவை தைத்திருக்கிறேன். கத்தரி போகும்போதே வித்தியாசம் தெரியும், துணி கொஞ்சம் கொரகொரப்பாக ஆனால் உயிரோடு இருக்கும். விலை கூடுதல். வருஷத்துக்கு ஒன்று எடுக்கலாம் என்கிறவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பாலியஸ்டர் அவ்வளவு மோசமா?

உலகத்தில் உற்பத்தியாகிற நூலிழையில் பாதிக்கு மேல் பாலியஸ்டர்தான். பெட்ரோலியத்திலிருந்து வருவது. தண்ணீர் பாட்டில் எந்தப் பொருளோ அதே பொருள், நூலாக இழுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தடவை துவைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத இழைத்துணுக்கு தண்ணீரோடு போகிறது, மண்ணில் போட்டாலும் மட்காது. பாட்டிலை உருக்கிச் செய்த "ரீசைக்கிள்டு பாலியஸ்டர்" டி-சர்ட்டும் துவைத்தால் அதே துணுக்கைத்தான் விடும். தவிர பாட்டில் மறுபடி பாட்டிலாக முடியும், சட்டையான பாட்டில் பெரும்பாலும் சட்டையோடு முடிந்தது.

ஆனாலும் பாலியஸ்டரைத் திட்டிக்கொண்டே இருப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. என் அம்மாவின் ஒரு பாலியஸ்டர் சேலை இருபது வருஷமாக உழைக்கிறது, சாயம் போகவில்லை, இஸ்திரி கேட்கவில்லை, மழையில் நனைந்தால் அரை மணியில் காய்ந்துவிடும். இருப்பதை உடுத்துங்கள். புதிதாக, அதுவும் தினப்படி உடுத்தவும் குழந்தைகளுக்கும் எடுக்காதீர்கள். மழைக்கோட்டு, பள்ளிக்கூடப் பை, குடை இதற்கெல்லாம் அதுதான் சரி.

ரேயான் குர்த்தி, "பாம்பூ காட்டன்" இதெல்லாம் இயற்கைதானே?

பாதி. மரக்கூழிலிருந்து வருவதால் மட்கும், பிளாஸ்டிக் கிடையாது. ஆனால் அந்தக் கூழை நூலாக்க கார்பன் டைசல்பைடு என்கிற ரசாயனம் வேண்டும், அது அந்த ஆலையில் வேலை செய்கிறவர்களின் நரம்பையே பாதிக்கக்கூடியது. மூங்கில் துணி என்று விற்பதும் பெரும்பாலும் இதே ரேயான்தான், மூங்கிலில் காட்டன் கிடையாது. லையோசெல் என்று லேபிளில் இருந்தால் பரவாயில்லை, அதில் வேறு கரைப்பான், அதை ஏறக்குறைய முழுவதும் திரும்பப் பிடித்துப் பயன்படுத்துகிறார்கள்.

தையல்காரியாக ஒன்று சொல்கிறேன். ரேயான் நனைந்தால் வலு போய்விடும், அதனால் முறுக்கிப் பிழியவே கூடாது. நனைக்காமல் தைத்தால் முதல் துவைப்பில் ஒன்றரை இஞ்ச் ஏறிவிடும், பிறகு "அக்கா, நீங்க அளவு தப்பா எடுத்துட்டீங்க" என்று என்னிடம் சண்டைக்கு வருவார்கள்.

கடைக்காரர் காட்டன் என்கிறார். உண்மையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

லேபிளை நம்பாதீர்கள், நூலை நம்புங்கள். உள்தையல் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவுங்கள், புருவம் பிடுங்குகிற இடுக்கியில் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள், கீழே ஒரு தட்டில் தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். காட்டன் என்றால் பேப்பர் எரிகிற வாசனை வரும், தீ அணைந்த பிறகும் நுனியில் சிவப்பாகக் கனன்றுகொண்டே போகும், சாம்பல் சாம்பல் நிறமாக ஊதினால் பறந்துவிடும். பாலியஸ்டர் தீயைக் கண்டதும் சுருங்கி உருகும், பிளாஸ்டிக் நாற்றத்தோடு கறுப்புப் புகை, ஆறியதும் நுனியில் கடுகு மாதிரி ஒரு மணி நிற்கும், நகத்தால் நசுக்கினால் நசுங்காது. பட்டு, முடி கருகுகிற நாற்றம், மெதுவாக எரியும், தீயை எடுத்தால் தானே அணையும், விரலில் வைத்துத் தேய்த்தால் கறுப்புப் பொடியாகும். ரேயானும் காட்டன் மாதிரியே எரியும், அதில் மட்டும் ஏமாறலாம்.

முக்கியமானது, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒன்று, குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்று, இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். ஜாக்கெட்டுக்கு டூ பை டூ துணி எப்போதும் ஒரே கடையில்தான் வாங்குவேன். ஒரு தடவை ஒரு தான் முழுவதும் வாங்கி வந்து, இஸ்திரி வைத்தபோது வழவழவென்று போனதில் சந்தேகம் வந்து பார்த்தேன். நீள நூல் காட்டன், குறுக்கு நூலில் மணி நின்றது. "ப்யூர்தான்மா, மில்லிலிருந்து அப்படித்தான் வருது" என்றார் கடைக்காரர். அவருக்குமே தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அந்தத் தானை நான் லைனிங்குக்குத்தான் தீர்த்தேன்.

பட்டு எடுப்பது பாவமா?

இந்தக் கேள்வியை தருமபுரியில் உட்கார்ந்துகொண்டு கேட்டால் நேரடியாகப் பதில் சொல்ல முடியாது. எங்கள் சித்தப்பா காரிமங்கலம் பக்கம் ஒன்றரை ஏக்கர் மல்பெரி வைத்திருக்கிறார், பிள்ளைகள் இரண்டு பேரையும் படிக்க வைத்தது அந்தப் புழுதான்.

புழு வீட்டுக்குள் போனால் மழை பெய்கிற மாதிரி ஒரு சத்தம் கேட்கும், ஆயிரக்கணக்கான புழுக்கள் இலை தின்கிற சத்தம். முட்டை பொரித்து சுமார் 25 நாளில் புழு முதிர்ந்து கூடு கட்டத் தொடங்கும். கட்டி முடித்த கூட்டை மூட்டை கட்டி தருமபுரி அரசு பட்டுக்கூடு அங்காடிக்குக் கொண்டு வந்து ஏலத்தில் விடுவார். வெண்பட்டுக்கூடு ஒன்றில் கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே இழை. அது அறாமல் வர வேண்டுமானால் உள்ளே இருக்கிற பூச்சி வெளியே வரக்கூடாது, அதனால் ஆவியில் கொன்றுவிடுகிறார்கள். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறிலிருந்து எட்டு கிலோ கூடு வேண்டும். ஒரு கனமான கல்யாணப் புடவை என்றால் 2,000 கூட்டுக்குக் குறையாது. இதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

அதே சமயம் இன்னொரு பக்கமும் உண்டு. மல்பெரித் தோட்டத்தில் கண்டபடி பூச்சிமருந்து அடிக்க முடியாது. பக்கத்துத் தோட்டத்தில் தக்காளிக்கு அடித்த மருந்து காற்றில் வந்தாலே புழு சுருண்டு விழும், அதனால் சித்தப்பாவுக்கும் பக்கத்துக்காரருக்கும் வருஷம் ஒரு சண்டை நிச்சயம். நூல் எடுத்த பிறகு மிஞ்சுகிற கூட்டுப்புழு எண்ணெய்க்கும், மீன், கோழித் தீவனத்துக்கும் போகிறது, வீணாவது கம்மி.

அகிம்சைப் பட்டு என்று கேட்பார்கள். ஆந்திராவில் அரசு கைத்தறித் துறையில் இருந்த குசுமா ராஜையா தொடங்கியது, பூச்சி வெளியேறிய பிறகு ஓட்டை விழுந்த கூட்டைப் பருத்தி மாதிரி நூற்பார்கள். பளபளப்பு குறைவு, விலை அதிகம். ஆனால் வளர்ப்புப் பட்டுப்பூச்சிக்குப் பறக்கத் தெரியாது, வெளியே வந்தும் சில நாள்தான் உயிரோடு இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

நான் என்ன செய்கிறேன்? என் கல்யாணப் புடவையைத்தான் இன்னும் விசேஷங்களுக்கு உடுத்துகிறேன், ஜாக்கெட்டை மட்டும் மூன்று தடவை மாற்றியாகிவிட்டது. புதுப் பட்டு எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒன்று எடுங்கள், நல்லதாக எடுங்கள். "சாஃப்ட் சில்க்", "ஆர்ட் சில்க்" என்று 900 ரூபாய்க்கு வருவதில் புழு சாகவில்லைதான், பெரும்பாலும் அது பாலியஸ்டர்.

போச்சம்பள்ளி பட்டு நம்ம போச்சம்பள்ளியில் நெய்வதா?

இல்லை. அது தெலங்கானாவில் இருக்கிற பூதான் போச்சம்பள்ளி, நூலிலேயே முன்கூட்டிச் சாயம் ஏற்றி நெய்கிற இக்கத்துக்குப் பெயர் போனது. நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான் பெயர். சந்தைக்குப் போய் இக்கத் புடவை தேடின ஒருத்தியை எனக்குத் தெரியும், கத்திரிக்காய் வாங்கிக்கொண்டு வந்தாள்.

கைத்தறி என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அது உண்மையிலேயே நல்லதா?

புடவையின் கரையோரத்தைத் தடவிப் பாருங்கள். தறியில் துணி சுருங்காமல் விரிந்து நிற்க இரண்டு ஓரத்திலும் ஊசிமுனை வைத்த குச்சியை மாட்டி நெய்வார்கள், அந்த ஊசித்துளை கரையில் சின்னச் சின்னதாகத் தெரியும். நெசவில் அங்கங்கே லேசான ஏற்ற இறக்கம் இருக்கும், வெளிச்சத்தில் பிடித்தால் தெரியும். ஆயிரம் புடவையும் அச்சு மாறாமல் ஒரே மாதிரி அடுக்கியிருந்தால் விசைத்தறி என்று வைத்துக்கொள்ளலாம். கைத்தறி முத்திரை 2006-லிருந்து இருக்கிறது, அதையும் பாருங்கள்.

நல்லதா என்றால், நெய்வதற்குக் கரண்ட் வேண்டாம், வீட்டிலேயே ஒரு குடும்பம் பிழைக்கிறது. ஆனால் கைத்தறி என்றாலே முழுக்க இயற்கை என்று நினைக்காதீர்கள், நூல் பெரும்பாலும் மில் நூல், சாயமும் ரசாயனச் சாயம்தான். நூற்பதும் கையால் என்றால் அது கதர். கதர் என்றதும் ஞாபகம் வருகிறது. ஓசூருக்குப் பக்கத்தில் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜிதான் 1925-ல் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கி, சுற்றுப்பட்டுக் கிராமங்களில் ராட்டை சுற்ற வைத்தார். நம்ம ஊர்க்காரர் ஆரம்பித்த சமாச்சாரம், நாம்தான் அக்டோபர் 2-ம் தேதிக்கு மட்டும் வைத்துக்கொண்டோம்.

எங்கே எடுப்பது என்றால் கோ-ஆப்டெக்ஸ். 1935-லிருந்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் துணியை விற்கிறது. தீபாவளிச் சமயம் 30 சதவீதத் தள்ளுபடி கிடைக்கும், அப்போது எடுத்தால் விலை கூடுதல் என்கிற குறையும் தெரியாது. டிசைன் பழைய காலம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள், கடைசியாக அவர்கள் எப்போது உள்ளே போனார்கள் என்று கேளுங்கள்.

நம் மாவட்டத்திலேயே செய்கிற நல்ல துணி ஏதாவது உண்டா?

உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. அரூர் தாண்டி மலைகளுக்கு நடுவில் சிட்லிங்கி. 1993-ல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே பழங்குடி மக்களுக்காக ஆஸ்பத்திரி தொடங்கினார்கள். அங்குள்ள தண்டா என்கிற குடியிருப்புகளில் லம்பாடிப் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய எம்பிராய்டரி கிட்டத்தட்ட மறந்தே போயிருந்தது, ஒன்றிரண்டு வயதானவர்களுக்குத்தான் கை ஓடும். அவர்களிடமிருந்து இளம்பெண்கள் மறுபடி கற்றுக்கொண்டு, இப்போது போர்கை என்ற பெயரில் தங்கள் கூட்டமைப்பாகவே நடத்துகிறார்கள். அவர்கள் மொழியில் அந்தச் சொல்லுக்குப் பெருமை என்று அர்த்தம். குர்த்தி, புடவை, பை, தலையணை உறை என்று செய்கிறார்கள், கைத்தறிக் காட்டனும் இயற்கைச் சாயமும்.

ஒரு குர்த்தி ஆல்ட்ரேஷனுக்கு வந்தது. கையைக் குறைக்கச் சொன்னார்கள். பிரித்துப் பார்த்தால் பின்பக்கத்தில் ஒரு முடிச்சுகூடத் துருத்தவில்லை, நூல் ஓட்டம் முன்பக்கம் மாதிரியே சுத்தமாக இருந்தது. என் மெஷின் எம்பிராய்டரியின் பின்பக்கத்தை நான் யாருக்கும் காட்டமாட்டேன். அந்தக் கையை வெட்ட மனசு வரவில்லை, உள்ளே மடித்துத் தைத்துக் கொடுத்தேன்.

லேபிளில் இருக்கிற முத்திரைகளில் எதை நம்பலாம்?

ஜிஓடிஎஸ் என்றால் இயற்கை முறையில் விளைந்த இழைக்கான உலகத் தரச்சான்று. "ஆர்கானிக்" என்று போட 95 சதவீதம், "ஆர்கானிக் கொண்டு செய்தது" என்று போட 70 சதவீதமாவது அந்த இழை இருக்க வேண்டும், சாயத்துக்கும் தொழிலாளர் நிலைக்கும் விதிகள் உண்டு. லேபிளில் உரிம எண் இருக்கும், அவர்கள் தளத்தில் தேடிப் பார்க்கலாம், எண் இல்லையென்றால் வெறும் படம். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. 2020-ல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி போலிச் சான்றிதழோடு போனதை அந்த அமைப்பே கண்டுபிடித்துச் சொன்னது.

ஓகோ-டெக்ஸ் என்பது முடிந்த துணியில் உடம்புக்குக் கெடுதலான ரசாயனம் மிச்சமிருக்கிறதா என்ற சோதனை, ஆர்கானிக் என்று அர்த்தமில்லை. சில்க் மார்க் அசல் பட்டு என்று மட்டும் சொல்லும். "ஈகோ ஃப்ரெண்ட்லி" என்று பச்சை இலை படம் போட்டிருந்தால் பிரிண்ட் செய்தவருக்குப் பச்சை மை இருந்தது என்று அர்த்தம்.

சாயக்கழிவு பற்றிச் சொல்கிறார்களே, அது இன்னும் நடக்கிறதா?

திருப்பூர் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். நொய்யல் ஆற்றில் சாயத் தண்ணீர் போய், பாசனத்துக்கென்று கட்டி 1992-ல் முடித்த ஒரத்துப்பாளையம் அணையே கழிவுநீர்த் தொட்டியாகிவிட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு சொட்டுகூட வெளியே விடாத அளவுக்குச் சுத்திகரிக்காத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குப் பிறகு ஒழுங்காகச் செய்கிறவர்கள் தண்ணீரைத் திரும்பத் திரும்பச் சுத்திகரித்துப் பயன்படுத்துகிறார்கள், அதற்கு நிறையக் கரண்டும் பணமும் ஆகும், கடைசியில் மிஞ்சுகிற உப்பை என்ன செய்வது என்பது வேறு தலைவலி. ஒழுங்காகச் செய்யாதவர்கள் செலவு மிச்சமாகி மலிவாகக் கொடுக்கிறார்கள். விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அதில் ஒரு பங்கு ஏதோ ஒரு ஆறு கொடுத்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயற்கைச் சாயம் என்றால் அவுரி, மஞ்சிட்டி, மாதுளைத் தோல், கூடவே நிறம் பிடிக்கக் கடுக்காயும் படிகாரமும். அவுரி நீலம் வருஷக்கணக்கில் நிற்கும். மஞ்சள் கிழங்கில் போட்ட மஞ்சள் நாலு வெயிலில் வெளுத்துவிடும், அதைக் குறை என்று திருப்பிக் கொண்டுபோகாதீர்கள்.

"எதிக்கல்" என்றால் சரியாக என்ன?

நியாயமான துணி என்று வைத்துக்கொள்வோம். தைத்தவள் வயிறு எரியாமல் வந்த துணி.

2013 ஏப்ரல் 24-ம் தேதி டாக்காவுக்குப் பக்கத்தில் ராணா பிளாசா என்கிற கட்டடம் இடிந்து 1,134 பேர் செத்தார்கள், பெரும்பாலும் கார்மெண்ட்ஸ் பெண்கள். முந்தின நாளே சுவரில் விரிசல் விட்டிருந்தது, கீழே இருந்த வங்கி மூடிவிட்டுப் போனது, தைக்கிறவர்களை மட்டும் வரச் சொன்னார்கள். அது பங்களாதேஷ் என்று விட்டுவிட முடியாது. சுமங்கலித் திட்டம் என்ற பெயர் நம் பக்கத்துப் பெண்களைப் பெற்றவர்களுக்கு நன்றாகத் தெரியும். நூற்பாலை ஹாஸ்டலில் மூன்று வருஷம் இருந்தால் கடைசியில் மொத்தமாகப் பணம், கல்யாணத்துக்கு ஆகும் என்று சொல்லி வயசுப் பெண்களை அழைத்துப் போவார்கள். என்னிடம் தையல் கற்றுக்கொண்ட ஒரு பெண் அப்படி ஒரு மில்லுக்குப் போனவள். இரண்டு வருஷம் எட்டு மாதத்தில் உடம்புக்கு முடியாமல் திரும்பினாள், முடிக்கவில்லை என்று அந்த மொத்தப் பணத்தில் பாதிகூடக் கைக்கு வரவில்லை. இன்றைக்கும் பஞ்சுத் தூசி இருமல் போகவில்லை. அவள் நூற்ற நூல் எந்த பிராண்டு டி-சர்ட்டில் போனதோ, அதில் "100 சதவீதம் இயற்கை" என்றுகூடப் போட்டிருக்கலாம்.

நல்ல செய்தியும் இருக்கிறது. 2022-ல் திண்டுக்கல் ஒப்பந்தம் என்று ஒன்று கையெழுத்தானது. பெண் தொழிலாளர் சங்கமும், துணி தைக்கும் நிறுவனமும், வாங்குகிற வெளிநாட்டு பிராண்டும் சேர்ந்து, ஆலைக்குள் பாலியல் தொல்லையைத் தடுக்கப் போட்டது. தொழிலாளியே புகார் சொல்லி, நிறுவனம் நடவடிக்கை எடுக்காவிட்டால் பிராண்டு ஆர்டரில் கைவைக்கலாம் என்கிற அளவுக்கு அதில் பிடி வைத்தார்கள். இப்படி ஏதாவது ஒப்பந்தத்தில் இருக்கிறார்களா, எந்த ஆலையில் தைக்கிறார்கள் என்று பட்டியல் வெளியிடுகிறார்களா என்பதைத்தான் பெரிய பிராண்டுகளிடம் நான் பார்ப்பேன், விளம்பரத்தில் வருகிற மரக்கன்றை இல்லை.

இன்னும் எளிய சோதனை, நைட்டி. மூன்று மீட்டர் துணி, ஓவர்லாக், ஜிப், மடித்து கவர் போட்டு 180 ரூபாய் என்றால், துணி விலையை நீங்களே கழித்துப் பாருங்கள். மிச்சத்தில் கடைக்காரர், லாரி, முதலாளி எல்லோரும் பங்கு எடுத்த பிறகு தைத்தவளுக்கு என்ன மிஞ்சும்?

பர்கூரில் மொத்தமாக மலிவாகக் கிடைக்கிறதே, போகலாமா?

தாராளமாக. கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர் ஜவுளிக் கடைகளைக் குட்டி சூரத் என்று சும்மாவா சொல்கிறார்கள். அங்கே எனக்குப் பிடித்தது தானாகவும் கட் பீஸாகவும் எடுக்க முடிவது. ஆயத்த ஆடையைவிட மீட்டரில் எடுத்துத் தைத்துக்கொள்வது நல்லது. உள்ளே துணி விட்டுத் தைத்தால் உடம்பு போட்டாலும் பிரித்துக்கொள்ளலாம், ரெடிமேடில் அரை இஞ்ச்கூட விடமாட்டார்கள். ஒரு லாரி போட்டு உறவுக்காரர் எல்லோரும் போய் கல்யாணத்துக்கு நாற்பது புடவை எடுத்து, வைத்துக் கொடுத்த புடவையை யாருமே கட்டாமல் அடுத்த வீட்டுக் கல்யாணத்துக்குத் தள்ளிவிடுவது, அதுதான் வேண்டாம். என்னிடம் ஃபால்ஸ் அடிக்க வந்த ஒரு புடவை மூன்று கல்யாணம் பார்த்திருந்தது, ஒவ்வொரு வீட்டுக் குங்குமமும் அட்டைப்பெட்டியில்.

துவைப்பதில் என்ன இருக்கிறது?

நிறைய. பாதித் துணி உடுத்திக் கெடுவதில்லை, துவைத்துக் கெடுகிறது. வேர்க்காத துணியைத் தினமும் ஊறப் போடாதீர்கள், கொடியில் உதறிக் காயவிட்டாலே போதும். உள்பக்கம் திருப்பி நிழலில் காயப் போடுங்கள், நம் ஊர் வெயில் ஒரு மணி நேரத்தில் கறுப்பைப் பழுப்பாக்கும். சோப்புத்தூளைக் குறையுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் நுரைக்கவில்லை என்று இன்னும் ஒரு கை போடுகிறோம், அது அழுக்கை எடுக்காது, துணியை விறைக்க வைக்கும். பெங்களூர்க் கழிவுநீரில் ஓசூர்ப் பக்கத்துக் கெலவரப்பள்ளி அணையில் நுரை மலை மாதிரி பொங்குவதைப் பார்த்து எல்லோரும் திட்டுகிறோம், நம் வீட்டுச் சாக்கடையையும் ஒரு தடவை பார்க்கலாம். பட்டுக்குப் பூந்திக்கொட்டை போதும். கல் உப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் சாயம் நிற்கும் என்பது பாட்டி காலத்து நம்பிக்கை, இப்போதைய சாயத்துக்கு அது ஒன்றும் செய்யாது.

பழைய துணியை எங்கே கொடுப்பது?

உடுத்துகிற நிலையில் இருந்தால் தெரிந்தவர்களுக்கு, துவைத்து, பட்டன் தைத்துக் கொடுங்கள். கிழிசலைக் கொடுப்பது தானம் இல்லை. பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்க வருகிறவரிடம் போட்டால் அது ஒழுங்காகப் பிரித்து மறுபடி விற்பனைக்குப் போகிறது, கம்பளி வகை பானிபட் வரைக்கும் போய் நூலாகிப் போர்வையாகிறது. ஆனால் உலகம் முழுக்கப் பார்த்தால் பழைய துணியிலிருந்து மறுபடி புதுத் துணியாவது ஒரு சதவீதத்துக்கும் கீழே. "ரீசைக்கிள் பெட்டியில் போட்டுடறேன்" என்று சொல்லி மூன்று புதுசு எடுக்கிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மல் காட்டன் சேலை தூளிக்கும், பிறகு குழந்தைக்குத் துடைக்கும் துணிக்கும், கடைசியில் கரித்துணிக்கும் ஆகும்.

பழைய சேலையை நீங்கள் வேறு ஏதாவதாகத் தைத்துத் தருவீர்களா?

தருவேன். காட்டன் சேலையில் குர்த்தி, பாவாடை சட்டை, தலையணை உறை வரும். பட்டில் பார்டர் நன்றாக இருந்து உடல் இற்றுப்போயிருந்தால் பார்டரை மட்டும் எடுத்துப் புதுக் காட்டனில் வைத்துத் தரலாம். கொண்டு வருவதற்கு முன் மடிப்பு வரியில் இரண்டு கையாலும் லேசாக இழுத்துப் பாருங்கள், "டர்ர்" என்று சத்தம் வந்தால் துணி இற்றுவிட்டது, அதைத் தைத்துக் காசு வாங்க எனக்கு மனசு வராது. ஒரு துவைப்பு துவைத்துக் கொண்டு வாருங்கள். ஐப்பசி மாதம் மட்டும் வேண்டாம், அப்போது தீபாவளி ஜாக்கெட்டுக்கு வாசல் வரை ஆள் நிற்கும், கார்த்திகை பிறந்ததும் வாருங்கள்.